நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு: முகத்தை விடுங்கள், எலும்பைப் பாருங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டு வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. முகம் உப்பிவிட்டது, பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்தினார், மாத்திரை தீர்ந்துவிட்டது, வைத்தியர் "இங்கிலீஷ் மருந்தை விட்டுட்டு வந்தாத்தான் என் மருந்து பிடிக்கும்" என்றார், இப்படி எதுவுமே நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது. நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வெளியிலிருந்து மாத்திரை வர வர அவை வேலையைக் குறைத்துக்கொண்டு தூங்கப் போய்விடும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பில் இரண்டும் இருக்காது. ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தியும் மயக்கமுமாக, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற லூபஸ் நோய்க்காக ஆண்டுக்கணக்கில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறவள் நான், குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் வீடு. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் போல மூச்சிழுப்புக்கும், முடக்குவாதத்துக்கும், சிறுநீரகத்துக்கும், தோலில் கொப்புளம் வருகிற பெம்பிகஸுக்கும் இதே மாத்திரையைச் சாப்பிடுகிற எத்தனையோ பேருடன் பேசியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கவலைப்படுவது கண்ணாடியில் தெரிகிற முகத்தைப் பற்றித்தான். ஆனால் முகம் பெரும்பாலும் டோஸ் குறையக் குறையத் தானே வடிந்துவிடும். வெளியே தெரியாமல் எலும்பும் கண்ணும் சர்க்கரையும் கெடுவதைத்தான் நாம் தேடிப் பிடிக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த மருந்தைத் திட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பக்க விளைவுகளும் அந்தக் காலத்திலேயே தெரியவந்துவிட்டன. அப்படியும் டாக்டர்கள் இதை எழுதுகிறார்கள் என்றால், பல நோய்களில் சிறுநீரகத்தையோ நுரையீரலையோ உயிரையோ வேகமாகக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி இன்னும் இல்லை என்பதால்தான்.

சரி, உங்கள் மாத்திரை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும், மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். வைசலோன், ஓம்னாகார்டில் இரண்டும் ஒரே பிரெட்னிசலோன்தான். டிஃப்ளாசகார்ட், மெத்தில்பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் எல்லாம் ஸ்டீராய்டுதான். 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் செய்யும் வேலையை 4 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசலோனும், 6 மில்லிகிராம் டிஃப்ளாசகார்ட்டும், வெறும் முக்கால் மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனும் செய்துவிடும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து "இது சின்ன டோஸ்" என்று நினைத்துவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் இது ரொம்பவே முக்கியம். ஒரு நோய்க்கு நாகர்கோவிலிலும் இன்னொன்றுக்குத் திருவனந்தபுரத்திலும் காட்டுகிற வழக்கம் நமக்கு உண்டு, இரண்டு சீட்டிலும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்து இருந்தால் இரட்டை டோஸ் உள்ளே போகும். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லாச் சீட்டுகளையும் காலி அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் மாத்திரையைக் காலை ஆகாரம் முடிந்ததும், எட்டு மணி வாக்கில் சாப்பிடுவது நல்லது. உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசாலும் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். சாயங்காலம் சாப்பிட்டால் ராத்திரி கண் மூடாது. இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்திருந்தால், இரண்டாவதை மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஓட வேண்டாம், வேலை முடிந்து வந்து சாப்பிட்டபின் போட்டாலும் போதும், தினமும் அதே நேரமாக இருந்தால் சரி. வயிற்றைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து ஸ்டீராய்டோடு வலி மாத்திரையும் சேரும்போதுதான் வருகிறது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இவற்றைக் கடையில் கேட்டு வாங்கிச் சேர்த்துச் சாப்பிட்டால் குடலில் புண் விழுந்து ரத்தம் கசியும். காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் பாராசிட்டமால் போதும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி முகம். கன்னம் உருண்டு, கழுத்தின் பின்னால் சதை சேர்ந்து, வயிறு மட்டும் பெருத்து, கை கால் மெலிந்து போகும். கல்யாண வீட்டில் யாராவது ஒரு மைனி "மக்களே, நல்லா தடிச்சுட்டியே" என்பார். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, "மருந்து அப்படி, குறைஞ்சுரும்" என்று சொல்லிவிட்டு இலைக்குப் போய்விடலாம். ஆனால் வயசுப் பெண்களுக்கும் பையன்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. முகப்பரு, தொடையில் கோடு கோடாக வரி, மேலுதட்டில் முடி என்று வரும்போது மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அவர்களைத் திட்டாமல், அடுத்த தடவை டாக்டரிடம் அவர்கள் வாயாலேயே "இது எனக்குக் கஷ்டமா இருக்கு, குறைக்க வழி இருக்கா" என்று கேட்கவையுங்கள். வழி பல சமயம் இருக்கிறது. அசதயோபிரின், மைக்கோஃபெனோலேட், மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைச் சேர்த்து ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். இதில் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது, தினமும் போட்டால் விஷம். இதைச் சாப்பிடுகிற வீட்டில் எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்துவைத்தே ஆகவேண்டும்.

முகம் உப்புவதில் கொழுப்புக்கும் பங்குண்டு, உப்புக்கும் பங்குண்டு. உடம்பில் உப்பும் நீரும் தேங்கி, கால் வீங்கி, பிரஷர் ஏறும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, அதாவது 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே சொல்கிற அளவு. கருவாடு, பப்படம், ஊறுகாய், ஏத்தங்காய் சிப்ஸ் இவை நான்கையும் நிறுத்தினாலே நம் வீட்டில் பாதிப் பிரச்சினை குறையும். பசியோ கேட்கவே வேண்டாம், சாப்பிட்டு எழுந்ததுமே மறுபடி பசிக்கும். அந்தப் பசி மருந்தின் வேலை, உங்கள் பேராசை இல்லை. அதோடு சண்டை போடுவதைவிட அதற்கு என்ன கொடுக்கிறோம் என்பதை மாற்றலாம். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் என்றால் கிழங்கைக் கைப்பிடியாக்கி மீனைக் கூட்டிக்கொள்ளுங்கள். சம்பா அரிசிக் கஞ்சியில் சோற்றைவிடப் பயறு அதிகமாக இருக்கட்டும். அவியலும் கீரையும் தட்டில் பாதி இடம் பிடிக்கட்டும். நடு ராத்திரிப் பசிக்கு வெள்ளரிக்காயோ மோரோ கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், பிஸ்கட் டப்பாவைத் தேட மாட்டோம். சிறுநீரக நோய்க்காகச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் பயறு, கீரை, பழம் எவ்வளவு என்பதைத் தங்கள் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சர்க்கரையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. காலையில் போடுகிற பிரெட்னிசலோன் மதியத்திலிருந்து சாயங்காலம் வரைதான் சர்க்கரையை ஏற்றும், ராத்திரி இறங்கிவிடும். அதனால் விடிகாலை வெறும் வயிற்றில் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறபோது, ஸ்டீராய்டு சாப்பிடுவதைச் சொல்லி, மதியத்துக்குப்பின் ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அப்புறம், கருப்பட்டிக் காப்பி சுகரை ஏற்றாது என்று நம் ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

மனசு பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை. டோஸ் அதிகமாக இருக்கும் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வரும், சின்னச் சத்தத்துக்கும் கோபம் பொங்கும், சிலருக்கு ராத்திரி முழுக்க அலமாரியை அடுக்கும் அளவுக்குத் தெம்பு வரும். வீட்டில் இருப்பவர்கள் இதைக் குணம் மாறிவிட்டது என்றோ, செய்வினை என்றோ எடுத்துக்கொண்டு மந்திரிக்கக் கூட்டிப்போகும் கதைகளைக் கேட்டிருக்கிறேன். மருந்து தொடங்கும் நாளிலேயே "எனக்கு இப்படியெல்லாம் வரலாம், வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்" என்று வீட்டாரிடம் சொல்லிவைத்துவிடுங்கள். இல்லாத குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம், செத்துவிடலாம் என்ற எண்ணம் இவை வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே கூட்டிப்போக வேண்டும். டோஸை மாற்றினாலே பெரும்பாலும் அடங்கிவிடுகிற விஷயம் இது.

எலும்புக்கு வருகிறேன். ஸ்டீராய்டு எலும்பைக் கரைப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்தான் வேகமாக நடக்கிறது. "நாள்பட்டு வரும், அப்போது பார்த்துக்கலாம்" என்று விட்டால் அதற்குள் கணிசமாகப் போயிருக்கும். வலிக்காது, வெளியே தெரியாது, ஒரு நாள் குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் பளீரென்று ஒரு வலி வரும். அது முதுகெலும்புக் கண்ணி நசுங்கியதாக இருக்கலாம். ஒரு நாளைக்கு 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடப் போகிறீர்கள் என்றால், டாக்டரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டுமா, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது, எலும்புக்குத் தனி மருந்து வேண்டுமா.

சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியமும், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டியும் தேவைப்படும். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகிலும் நிறைய உண்டு. கடற்கரை மாவட்டத்துக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி, நெத்திலியை முள்ளோடு சாப்பிடலாம், சாளையை மண்சட்டியில் முள் மெத்தென்று ஆகும்வரை வேகவைத்தால் அதையும் முள்ளோடு சாப்பிடலாம். பொரித்துச் சாப்பிடாமல் குழம்பாக வைத்தால் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை போடுகிற 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் என்ற எலும்பு மருந்தை எழுதிக்கொடுத்தால் அதற்கென்று ஒரு முறை உண்டு: காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு, காப்பியோ வேறு மாத்திரையோ தொடாமல் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். அன்றைக்குக் கால்சியம் மாத்திரையை மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

விழாமல் இருப்பதும் மருந்து மாதிரிதான். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது, வருடத்தில் பாதி நாள் கிணற்றடியும் கக்கூஸ் போகும் வழியும் பாசி பிடித்துக் கிடக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், கைப்பிடிக்கு ஒரு கம்பி பதியுங்கள், ராத்திரி வெளிச்சம் இருக்கட்டும். ஸ்டீராய்டு தொடைச் சதையையும் பலவீனமாக்கும். கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை என்றால் அதுதான். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, மறுபடி உட்காருவது, இதை முடிந்த அளவு தினமும் செய்யுங்கள். கோயில் குளத்தைச் சுற்றியோ சர்ச் மைதானத்திலோ அரை மணி நேரம் நடந்தாலும் எலும்புக்கும் சதைக்கும் சர்க்கரைக்கும் ஒருசேர நல்லது. என்னைப் போல லூபஸ் உள்ளவர்கள் வெயில் ஏறுமுன் நடந்துவிட வேண்டும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதுகு பிடித்தாலும் மூட்டு வலித்தாலும் நாம் முதலில் போவது வர்ம ஆசானிடம்தான். அந்த வைத்தியத்தின்மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஸ்டீராய்டால் மெலிந்த எலும்பில் அழுத்தமான உழிச்சலும், மிதித்துத் தடவுவதும், முதுகை நெட்டி முறிப்பதும் கூடாது, விலாவோ கண்ணியோ உடைந்துபோகும். போகிறவர்கள் "இத்தனை மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்" என்று ஆசானிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடை இடுக்கில் வலி வந்து, நடந்தால் கூடி, நொண்ட வைத்தால் வாயு என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். இடுப்பு மூட்டின் பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் நின்று அந்த எலும்பு சாகிற நோய் ஸ்டீராய்டால் வரும். தொடக்கத்தில் சாதா எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

நாட்டு மருந்து பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் ஒட்டாத பொடியோ உருண்டையோ இழுப்பையும் மூட்டு வலியையும் இரண்டே நாளில் நிறுத்திவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள், அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டையே கலந்துவிடுவது நாடு முழுக்கத் தெரிந்த சங்கதி. அதிமதுரம் இருமலுக்கு நல்லது என்று தினமும் மெல்லுகிறவர்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், அது ஸ்டீராய்டோடு சேர்ந்தால் பொட்டாசியத்தை இறக்கிப் பிரஷரை ஏற்றும்.

கண்ணுக்கு வருடம் ஒருமுறையாவது போக வேண்டும். புரை இளவயதிலும் வரும். கண் பிரஷர் கூடினால் வலியே இருக்காது, பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் போகும், போனது திரும்பாது. கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வருவது போதாது, கண் டாக்டரிடம் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள்.

தொற்று விஷயத்தில் ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே பெரிய தொற்று இருந்தாலும் லேசாகத்தான் சுடும். அதனால் லேசான காய்ச்சலையும் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் இருமல் விடாமல் நீடித்தால் காசநோய்க்குச் சளி பார்க்க வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ யாருக்காவது சின்னம்மை போட்டிருக்கிறது, உங்களுக்கு முன்பு வந்ததில்லை என்றால், வேப்பிலை கட்டுவதோடு நிற்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போடலாம், ஆனால் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைக் கேட்காமல் போடக் கூடாது, குழந்தைகளுக்கு இது முக்கியம். நாக்கில் வெள்ளைப் படலம் வந்தால் பூஞ்சை. இன்ஹேலரில் ஸ்டீராய்டு இழுக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் அது பெரும்பாலும் வராது.

செருப்புப் போடுங்கள். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் ஈர மண்ணில் வாழும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற ஒரு புழு வெறுங்கால் தோல் வழியாக உள்ளே போய்ப் பல பத்தாண்டுகள் ஒரு தொந்தரவும் தராமல் குடலில் இருக்கும், ஸ்டீராய்டு தொடங்கியதும் பெருகி உடம்பு முழுக்கப் பரவும். அப்படிப் பரவினால் உயிர் பிழைப்பது கடினம். ரப்பர் விளையிலும் வாழைத் தோட்டத்திலும் வயலிலும் காலமெல்லாம் வெறுங்காலோடு நடந்தவர்கள், பெரிய டோஸ் தொடங்குமுன் "புழுவுக்குப் பார்க்கணுமா" என்று கேளுங்கள். ஐவர்மெக்டின் என்ற மாத்திரையில் சரியாகிவிடும்.

குறைக்கும் காலம் பொறுமையைச் சோதிக்கும். பெரிய டோஸிலிருந்து இறங்குவது கொஞ்சம் வேகமாக நடக்கும், 5 மில்லிகிராம் பக்கம் வந்ததும் டாக்டர் ஆமை வேகத்தில்தான் குறைப்பார், ஏனென்றால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய அளவு ஏறக்குறைய அதுதான். சுரப்பி முழுதாக விழிக்க மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகலாம். அந்த நாட்களில் அசதி, மூட்டு வலி, சாப்பாட்டில் பிடிப்பின்மை வந்தால் அது நோய் திரும்பியதா, குறைத்ததன் விளைவா என்று நாமே தீர்மானிக்க முடியாது. தேதி போட்டு எந்த நாள் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

பர்ஸில் ஒரு சீட்டு எப்போதும் இருக்கட்டும். உங்கள் நோய், மருந்தின் பெயர், டோஸ், தொடங்கிய மாதம், "இதைத் திடீரென நிறுத்தக் கூடாது" என்ற வரி, வீட்டு ஃபோன் நம்பர். பல் பிடுங்கப் போனாலும் ஆபரேஷனுக்குப் போனாலும் அதைக் காட்டுங்கள். கடுங்காய்ச்சல் வந்தால் எத்தனை மாத்திரை கூட்ட வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடமே முன்கூட்டி அதன் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிற அண்ணன்மார் தங்கல் நாட்களுக்கு மேல் கூடுதலாக மாத்திரை எடுத்து, தண்ணீர் புகாத டப்பாவில் இரண்டு இடமாகப் பிரித்து வையுங்கள், கூட வருகிற ஒருவரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். கடலில் காற்று மாறிக் கரை திரும்பத் தாமதமானால் மாத்திரை தீர்ந்துபோகும் ஆபத்து உங்களுக்குத்தான் அதிகம்.

வாந்தி நிற்காமல் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை, எழுந்தால் தலை சுற்றி விழுகிறீர்கள், வயிறு பிசைகிறது, பேச்சு குழறுகிறது என்றால் மறுநாள் வரை பார்க்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்தில் எது பெரிய ஆஸ்பத்திரியோ அங்கே போங்கள். உள்ளே நுழைந்ததும் கூட வருகிறவர் அந்தச் சீட்டைக் கையில் கொடுத்து, "இவங்க நெடுநாளா ஸ்டீராய்டு சாப்பிடுறாங்க, இன்னைக்கு மாத்திரை உள்ளே போகல, ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடணுமான்னு பாருங்க" என்று சொன்னால் போதும்.